வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயச் செட்டியார்

பொருள் ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைப் பிறர்க்குப் பயன்படச் செலவிடுதல் அதனினும் அரிது. தானே கைக்கு வந்தெய்திய பெரும்பதவியை வேண்டா எனக் கூறி விலகுதலோ யாவற்றினும் அரிது. இம்மூன்றும் ஒருவர்பால் ஒருங்கே அமைதல் உலகிற் காண்டற்கு எளிதன்று. அங்ஙனம் அமையப்பெற்ற ஒருவர் நம் வடசென்னையில் வாழ்ந்தார். நெசவுத் தொழிலும் வாணிகமும் செய்தார். நம் தேவாங்க குலத்திற் பிறந்தார். அவரே சர் பிட்டி தியாகராயச் செட்டியார். அன்னார் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. அவர்தம் வரலாற்றை நம் இளைஞர் அறியுமாறு சுருங்க உரைத்தல் எமது கடமையெனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தேம்.

எர்ணாவூரில் உறையும் யாம் நகரத்தின் நடுவிடத்திற்குச் செல்லவேண்டின் விம்கோ நகரிற் சென்று மெட்ரோ வண்டியேறுவது வழக்கம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்ற அவ்வழியில், திருவொற்றியூரும் காலடிப்பேட்டையும் தண்டையார்ப்பேட்டையும் கடந்தவுடன், தியாகராயா கல்லூரி என்னும் நிலையத்தின் பெயர் அறிவிக்கப்படும். ஒருநாள் எம்முடன் வந்த மாணாக்கன் ஒருவன், திருவொற்றியூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள தியாகராசப் பெருமானின் பெயரால் அமைந்த கல்லூரியோ அஃது என எம்மை வினவினான். அவன் நம் குலத்துப் பிள்ளை, படிப்பிலும் கெட்டிக்காரன். அவன்மேற் குற்றம் யாதுமில்லை. சொல்லிக்கொடாத எம்மனோர் மேலதே குற்றம். அன்று வண்டியில் அவனுக்குக் கூறியவற்றையே ஈண்டு விரித்து வரைகின்றேம்.

செட்டியார் பிறந்த காலத்து வடசென்னையின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். இற்றை நாளில் துறைமுகமும் ஆலைகளும் சரக்கு வண்டிகளும் நிறைந்து காணப்படும் இப்பகுதி, முற்காலத்தில் துணியால் வாழ்ந்த பகுதியாகும். கும்பினியார் கடல் கடந்து விற்ற துணிகளை வெளுத்தற்கும் சாயம் ஏற்றுதற்கும் ஆட்களைக் குடியேற்றிய இடமே வண்ணாரப்பேட்டை எனப் பெயர்பெற்றது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையும் அத்தகையதே. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராயிருந்த காலெட் துரை நெசவாளர்க்கென அமைத்த காலெட்பேட்டையே மக்கள் நாவிற் சிதைந்து காலடிப்பேட்டை ஆயிற்று. ஆகவே, தறியொலியும் வெளுப்போர் கல்லிற் புடைக்கும் ஒலியும் இப்பகுதியின் பழைய ஒலிகள் என்று கூறின் அது மிகையாகாது.

இத்தகைய சூழலில் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், அய்யப்பச் செட்டியாருக்கும் வள்ளியம்மையாருக்கும் மகனாகத் தியாகராயர் தோன்றினார். பிட்டி என்பது அவர்தம் குடிப்பெயர். வீட்டில் வழங்கிய மொழி தெலுங்கு. வீதியில் வழங்கியது தமிழ். கல்லூரியிற் கற்றது ஆங்கிலம். மும்மொழியும் அறிந்து வளர்ந்தமையால் எத்திறத்து மக்களோடும் அளவளாவும் ஆற்றல் அவர்க்கு எளிதில் வாய்த்தது. மாநிலக் கல்லூரியிற் பயின்று 1876ஆம் ஆண்டிற் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்திற் பட்டம் பெற்றோர் மிகச் சிலரே. அவருட் பெரும்பாலோர் அரசாங்க உத்தியோகத்தையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடிச் சென்றனர். தியாகராயர் தம் முன்னோரின் தறியினிடமே வாழ்ந்தார். கற்றவன் கைத்தொழிலைக் கைவிடல் வேண்டும் என்னும் மயக்கம் அவர்க்கு இல்லை.

அந்நாளில் நெசவாளர்க்கு நேர்ந்திருந்த இடர் சிறிதன்று. மேனாட்டு ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்திறங்கியது. பெரம்பூரிற் பின்னி கம்பெனியார் நிறுவிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும் பெருந்தொகையான துணியை நெய்து குவித்தன. குழித்தறியில் அமர்ந்து கையால் நாடாவை எறிந்து நெய்யும் ஏழை அவற்றோடு போட்டியிடல் யாங்ஙனம்? பலர் தறியை விட்டுக் கூலிவேலைக்குச் சென்றனர். விதியை நொந்து வாளாவிருந்தோரும் பலர்.

செட்டியார் அவ்விரு வழியும் செல்லாது தறியையே ஆராய்ந்தார். பழைய தறியில் நெய்வோன் ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையாற் பற்றவேண்டும்; பின்னரே அச்சுப்பலகையை இழுத்து ஊடையை நெருக்கவேண்டும். அதனால் வேலை மெதுவாகச் செல்லும். துணியின் அகலமும் கையெட்டும் அளவிற்கு மேற்போகாது. விசைநாடாத் தறியிலோ ஒரு கயிற்றை இழுத்தவுடன் நாடா தானே பாவின் ஊடு ஓடி மறுபுறத்துப் பெட்டியிற் சேரும். ஒரு கை கயிற்றை இழுக்க, மறு கை பலகையை இழுக்கும். வேலை விரைவுபடும், அகலத் துணியும் ஒருவனே நெய்யலாம். இங்கிலாந்தில் ஜான் கே என்பார் 1733இற் கண்ட இம்முறை, நம் நாட்டு நெசவாளர்பால் வந்து சேர ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி அரசாங்கத்தின் சார்பில் இதனைப் பரப்ப முயன்ற காலத்திலேயே, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தம் தறிகளில் இதனைப் புகுத்தி ஆய்ந்தோருள் நம் செட்டியார் முன்னணியில் நின்றார். ஏறத்தாழ நூறு தறிகள் அவர் தொழிற்சாலையில் இயங்கின. கைத்தறி அழிந்தே தீரும் என்று பலரும் கூறியபோது, கருவியைத் திருத்தினால் கைத்தறி வாழும் என்று தம் செயலாற் காட்டினார். இன்றளவும் நம்மவர் பலர் தறியால் உண்பது இத்தகைய முன்னோடிகள் செய்த முயற்சியின் பயனே.

வாணிகத்தில் தாம் மட்டும் உயர்ந்தாற் போதும் என்று அவர் எண்ணினாரல்லர். சென்னையில் வெள்ளைக்கார வணிகர்க்கு 1836ஆம் ஆண்டிலேயே ஒரு வாணிக சங்கம் ஏற்பட்டிருந்தது. அரசாங்கம் சுங்கத்தைப் பற்றியோ துறைமுகத்தைப் பற்றியோ இரயில் கட்டணத்தைப் பற்றியோ எண்ணும்போது அச்சங்கத்தாரின் சொல்லே செவியேறும். நம் நாட்டு வணிகர் தனித்தனியே குறை கூறித் தனித்தனியே தோற்றனர். 1906ஆம் ஆண்டில் அர்பத்னாட் கம்பெனி முறிந்து, நம்மவர் பலர் அதன்கண் இட்டிருந்த பணம் பாழ்போயிற்று. ஒருங்கு கூடாவிடின் வாழ்வில்லை என்பதை அப்பேரிடர் யாவர்க்கும் உணர்த்திற்று. 1909ஆம் ஆண்டில் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராகும் பெருமை செட்டியார்க்கே கிடைத்தது. பல்லாண்டுகள் அவரே அப்பொறுப்பைத் தாங்கினார். பல மொழியும் பல குலமும் பல சமயமும் சார்ந்த வணிகர் ஒருவர் சொல்லுக்கு இணங்கியிருந்தனர் என்றால், அவர்தம் நடுவுநிலைமையை யாம் எடுத்துக்கூறவும் வேண்டுமோ?

இனி, அவர் நகரத்திற்கு ஆற்றிய தொண்டினைக் கூறுவேம். 1882ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினராகப் புகுந்த செட்டியார், ஏறத்தாழ நாற்பதாண்டு அக்கழகத்தில் அமர்ந்து பணியாற்றினார். இந்நாளில் ஐந்தாண்டு பதவியில் இருப்போரையே மக்கள் சலிப்புடன் நோக்குகின்றனர். நாற்பதாண்டு ஒருவரை மீட்டும் மீட்டும் விரும்பினர் என்பது நினைக்கத்தக்கது. அவர் உறுப்பினராயிருந்த காலம் சென்னை இக்கால நகரமாக மாறிய காலமாகும். செங்குன்றத்து ஏரியிலிருந்து திறந்த கால்வாயில் வந்த நீர், 1914ஆம் ஆண்டிற் கீழ்ப்பாக்கத்து மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே தூய்மையுற்று வீடுகளிற் பாய்ந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை எழுந்தது. சாக்கடையும் விளக்கும் சாலையும் பள்ளியும் ஒவ்வொன்றாய் வளர்ந்தன. இவற்றுள் ஒவ்வொன்றும் மன்றத்தில் வாதிக்கப்பெற்று, வரவு செலவு கணக்கிடப்பெற்று, வாக்களிக்கப்பெற்ற பின்னரே நிறைவேறும். அவ்வாதங்களில் இருந்து கணக்கைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை செட்டியார்க்கு உண்டு. அணாவிற்கு அணா கணக்குப் பார்ப்பது வணிகன் இயல்பு. அவ்வியல்பைத் தம் பெட்டிக்கு மட்டும் பயன்படுத்தாது நகரத்தின் பெட்டிக்கும் பயன்படுத்தினார் என்பதே அவரைப் பிற வணிகரினின்று பிரித்து உயர்த்துவது.

மன்றத்தில் அவர்க்கு நண்பரும் இருந்தனர், மாறுபட்டோரும் இருந்தனர். மாறுபட்டோருள் தலையாயவர் டாக்டர் டி. எம். நாயர். மருத்துவத்திற் பெரும்புலமையும் வாதத்திற் கூர்மையும் உடைய அவரும் நம் செட்டியாரும் திருவல்லிக்கேணிக் கோயிற் குளத்தைப் பற்றிய ஒரு வழக்கில் கடுமையாக முரண்பட்டனர். நாயர் மருத்துவர் கண்ணால் நோக்கினார். செட்டியார் சமயப் பற்றுடையோர் கண்ணால் நோக்கினார். அம்முரண் பல்லாண்டு நீடித்தது. இருவரையும் ஒன்றுபடுத்திய புகழ் டாக்டர் சி. நடேச முதலியாரைச் சாரும். பிராமணரல்லாத மாணாக்கர் தங்கிப் படிக்க விடுதி நடத்திய அப்பெரியார், இருவரிடத்தும் மாறிமாறிச் சென்று மன்றாடி அவர்களை ஒரு மேடைக்குக் கொணர்ந்தார். தம்மினும் இளையரும் தம்மை மன்றத்தில் எதிர்த்தவருமாகிய ஒருவரோடு, அறுபத்துநான்கு அகவையிற் பழம்பகை மறந்து கைகோத்தல் எளிய செயலோ? நம் சங்கங்களிற் சிறு மனவேறுபாட்டால் ஒருவரோடொருவர் ஆண்டுக்கணக்கிற் பேசாதிருப்போர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று. அடுத்த திங்களிற் செட்டியார் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். கல்வியிலும் அரசாங்க வேலையிலும் பெரும்பான்மை மக்கள் பின்தங்கி நிற்கும் நிலையைக் கணக்குக்காட்டி விளக்கிய அறிக்கை அது. ஆண்டும் அவர் வணிகராகவே பேசினார். எந்த வேலையில் எத்துணையர், எந்தப் பட்டத்தில் எத்துணையர் எனத் தொகையிட்டுக் காட்டினார். பின்னர்த் தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திரப் பிரகாசிகை, ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ் என மூன்று ஏடுகள் அச்சங்கத்தின் சார்பில் நடைபெற்றன. ஆங்கில ஏட்டின் பெயரே கட்சிக்கும் வழங்கலாயிற்று. நீதிக்கட்சி எனத் தமிழர் அழைத்தனர். 1919இல் நாயர் இலண்டனிற் காலமானார். அதன்பின் கட்சியின் பொறுப்பு முழுதும் செட்டியார் தோளில் வீழ்ந்தது.

1920ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னை மாகாணத்தில் முதன்முறையாகப் புதிய சீர்திருத்தச் சட்டத்தின்படி தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களுள் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தன. கவர்னர் வில்லிங்டன் பிரபு, மந்திரிசபை அமைக்குமாறு கட்சித் தலைவராகிய செட்டியாரை அழைத்தார். அழைப்பு வந்ததும் மாலையும் மத்தளமும் தேடியோடுவது உலகியல்பு. செட்டியாரோ அப்பதவியைத் தாம் ஏலாது, கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியாரைச் சுட்டினார். 1920 டிசம்பர் 17ஆம் நாள் ரெட்டியார் முதன் மந்திரி ஆனார். அவர் உடல் நலிவால் விலகவே, அடுத்த ஆண்டிற் பானகல் அரசர் அப்பதவியை ஏற்றார். அவர்கள் ஆண்ட காலத்திலேயே, 1921இற் பெண்கட்கு வாக்குரிமை கிடைத்தது. அரசாங்க வேலைகளிற் பல வகுப்பார்க்கும் இடம் அளிக்கும் ஆணையும் பிறந்தது. நாற்காலியில் அமர்ந்தவர் வேறு. அதனைத் தாங்கிநின்றவர் வேறு. செட்டியார் கட்சித் தலைமையைத் தம் இறுதிவரை ஏற்றிருந்தார். பதவி மேல் நாட்டம் சிறிதிருந்தாலும் இவ்வாறு விலகல் இயலாது.

மந்திரிப் பதவியை வேண்டா என்றவர் நகராண்மைக் கழகத் தலைமையை மட்டும் ஏற்றார். மன்றத்தாராலேயே தேர்ந்தெடுக்கப்பெற்ற, அரசாங்க உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவர் அவரே. இதன் பொருளை உற்று நோக்குதல் வேண்டும். மாகாணத்தின் முதன் மந்திரிக்கு மேடையும் பல்லக்கும் உண்டு. நகராண்மைத் தலைவர்க்கோ குப்பையும் சாக்கடையும் குடிநீரும் ஏழைப்பிள்ளைகளின் பள்ளியுமே உண்டு. இரண்டும் ஒரே காலத்தில் முன்னிற்க, இரண்டாவதையே அவர் தெரிந்தெடுத்தார்.

1922ஆம் ஆண்டு ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். நகரத்தலைவர் என்னும் முறையில் அவரை வரவேற்கும் பொறுப்பு செட்டியார்க்கு உரியதாயிற்று. அத்தகைய காலங்களில் அரண்மனைக்குரிய தனியுடை அணிதல் முறை. செட்டியார் தம் வழக்கமான வெள்ளாடையிலேயே வருவதாகத் தெரிவித்து, அவ்வாறே நின்று வரவேற்றார் என்பது வழிவழி வழங்கும் செய்தியாகும். வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அவரை அழைத்ததன் கருத்தும் இதுவே. துணி நெய்து வாழ்ந்தவர்க்குத் துணியின் மதிப்புத் தெரியும். பட்டாடையால் உயர்வு வருவதில்லை என்பதைத் துணி விற்றவரே காட்டினார்.

இதுகாறும் கூறியவற்றை நாட்டு வரலாறு எழுதுவோர் எல்லாரும் கூறுவர். ஆசிரியராகிய எமக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றும் ஒரு செயலை இனிக் கூறுவேம். 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் நகராண்மைக் கழகம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிற்று. ஆயிரம் விளக்கில் உள்ள கழகப் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகட்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவிற் சிற்றுண்டி அளிப்பது என்பதே அத்தீர்மானம். அப்பள்ளிப் பிள்ளைகள் மிக ஏழைகள். வறுமையாற் பள்ளியின் தொகை அடிக்கடி குறைகின்றது என்பதே தலைவராகிய செட்டியார் மன்றத்தில் எடுத்துரைத்த காரணம்.

ஓரணா! பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய். எனவே ஒரு ரூபாய் நாளொன்றுக்குப் பதினாறு பிள்ளைகளின் வயிற்றை நிறைக்கும். பல்லாயிரம் ரூபாய்க் கொள்முதல் செய்த வணிகர், ஓரணாவை எங்கே வைத்தால் மிக்க ஊதியம் தரும் என்று கணக்கிட்டார். அவ்வூதியம் கிட்டவும் செய்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகட்குப் பரவிற்று. அப்பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணாக்கர் தொகை, 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இருமடங்கு! எந்த வாணிகத்தில் இத்தகைய பெருக்கம் உண்டு?

ஆயினும், அச்செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செய்தல் கூடாதென அரசாங்கம் தடுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றது. பள்ளிகளில் தொகை குறைந்தது. அந்த ஆண்டிலேயே செட்டியார் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1927இல் 25 பள்ளிகளில் ஏறத்தாழ 1,000 ஏழைப்பிள்ளைகட்கு உணவளிக்கும் ஏற்பாடு மீண்டும் உயிர்பெற்றது. பின்னர் 1956இற் காமராசர் அதனை நாடெங்கும் பரப்பியதும், 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக விரித்ததும் யாவரும் அறிந்தவை. இப்பேராற்றின் ஊற்றுக்கண், ஓரணாக் கணக்கிட்ட அந்த மன்றத்தில் உள்ளது.

பெரியோர் வரலாற்றிற் குறை இருப்பின் அதனையும் கூறுதலே நேர்மை. 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் ஏற்பட்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பவே, புளியந்தோப்பிற் கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் விளைந்தது. அரசாங்கம் ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டுவதே அதற்குக் காரணம் என நீதிக்கட்சித் தலைவர்கள் குறைகூறினர்; செட்டியாரும் அவர்களினின்று வேறுபட்டு நின்றாரல்லர். மிகத் தாழ்த்தப்பட்டோரின் துயரை அவர் அன்று நன்கு உணர்ந்திலர் என்றே கூறவேண்டும். எம். சி. இராசா 1923இற் கட்சியை விட்டு விலகினார். பிறர்க்கு நீதி வேண்டிய ஒரு கட்சி, தன்னினும் எளியார்க்கு அதனை அளப்பதில் தயங்கிற்று. இதனை மறைத்தல் செட்டியார்க்குப் பெருமை சேர்ப்பதன்று. ஓரணா உணவு எந்தக் குலத்துப் பிள்ளைக்கு என்று பாராது அளிக்கப்பெற்றது. புளியந்தோப்பு நிகழ்ச்சியிலோ அக்கண் மங்கிற்று. இரண்டையும் ஒருங்கே அறிந்தால்தான் நாம் அவரினும் ஓரடி மேற்செல்லல் கூடும்.

அன்னார் மறைந்த காலத்தே நகரத்தின் தென்மேற்கிற் புதிதாக எழுந்த குடியிருப்புக்குத் தியாகராய நகர் எனப் பெயரிட்டனர். மக்கள் அதனைச் சுருக்கித் தி. நகர் என்பர். நாளும் இலட்சக்கணக்கானோர் துணி வாங்கச் செல்லும் அவ்விடம், துணி நெய்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்றல் பொருத்தமே. ஆனால் அப்பெயரின் முதலெழுத்தை மட்டும் கூறிப் பழகியமையால் பெயருக்குரியவரை மறந்தோம். ரிப்பன் மாளிகையின் முன் அவர் சிலை நிற்கின்றது. பழைய வண்ணாரப்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், அவர் பெயரால் 1950இல் தோன்றிய கல்லூரி வடசென்னைப் பிள்ளைகட்குக் கல்வி வழங்கி வருகின்றது. துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், மீன்பிடிப்போர், ஆலையில் வேலைசெய்வோர் ஆகியோரின் மக்கள் பலர் தம் குடும்பத்தில் முதற் பட்டத்தை ஆண்டுப் பெற்றனர்.

இனி எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிப்பேம். யாம் ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிதில், காலை வழிபாட்டின்போது ஒரு சிறுவன் மயங்கி வீழ்ந்தான். கடல்கோளுக்குப் பின் எர்ணாவூரிற் கட்டப்பெற்ற சுனாமிக் குடியிருப்பில் வாழ்ந்த மீனவர் பிள்ளை அவன். நோயென அஞ்சித் தூக்கிச்சென்று நீர் தெளித்தேம். அவன் முந்தைய நாள் நண்பகற் பள்ளியில் உண்ட சத்துணவிற்குப் பின் யாதும் உண்டிலன் என்பது பின்னரே தெரிந்தது. தந்தை கடலுக்குச் செல்லவில்லை, அடுப்பும் எரியவில்லை. அன்று யாம் அவ்வகுப்பிற்கு நடத்தவிருந்த பாடம் விருந்தோம்பலைப் பற்றியது. அதனை நடத்த எமக்கு நா எழவில்லை. அன்றுமுதல் எம் பையிற் சில பிஸ்கோத்துப் பொட்டலங்களை வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. ஓர் ஆசிரியன் பையிற் கொள்வது எத்துணை? வகுப்போ பெரிது.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகட்குக் காலையுணவுத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. அது வந்தபின் காலை வழிபாட்டில் மயங்கி வீழும் பிள்ளையை யாம் கண்டிலேம். இன்னுமொன்று நினைக்க வியப்பாயிற்று. செட்டியார் காலத்தில் நகராண்மைக் கழகத்தின் எல்லை எர்ணாவூர் வரை வரவில்லை. திருவொற்றியூரும் எர்ணாவூரும் நகர்க்குப் புறம்பானவை. 2011ஆம் ஆண்டில்தான் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. நூறாண்டிற்கு முன் ஆயிரம் விளக்கிற் பரிமாறிய இலை, எல்லை நீண்டு நீண்டு வந்து, இறுதியில் எம் ஊர்ப் பிள்ளை முன்னும் விரிந்தது என்றே யாம் கொள்கின்றேம்.

அன்பர்காள்! தியாகராயர் நம் குலத்திற் பிறந்தார் எனப் பெருமை கொள்வோம். அப்பெருமை நமக்கு உரியதே. ஆயினும், அவர் நமக்கு மட்டும் உரியரல்லர். ஆயிரம் விளக்குப் பள்ளியில் அவ்வோரணா உணவை உண்ட பிள்ளைகளின் குலம் இன்னதென யாரும் எழுதிவைத்திலர். அவர் படத்திற்கு ஆண்டுக்கொருமுறை மாலையிட்டு, பொங்கலும் சுண்டலும் உண்டு கலைந்தால், அவர் பெயரைக் காப்பாற்றினோம் என்று கூறுதல் பொருந்தாது. நம்மவருள் கடை வைத்திருப்போர், தறி வைத்திருப்போர், சரக்கு வண்டி ஓட்டுவோர் ஒவ்வொருவரும் தம் அருகிலுள்ள ஒரு பள்ளிக்குச் சென்று, அங்குள்ள தலைமையாசிரியரிடம் பிள்ளைகட்கு என்ன குறை என்று ஒருமுறை கேட்பாராக. குறை ஒரு சீருடையாயிருக்கலாம், ஒரு மூக்குக்கண்ணாடியாயிருக்கலாம், கல்லூரிக்குக் கட்டவேண்டிய ஒரு தவணைப் பணமாயிருக்கலாம். அவரவர் கணக்கில் அஃது ஓரணாவே ஆகும். கேட்கும்போது பிள்ளையின் குலத்தை மட்டும் கேளாதிருப்பாராக.

வண்டியில் எம்முடன் வந்த மாணாக்கன் இவற்றையெல்லாம் கேட்டபின், திரும்பி வருகையில், அந்நிலையத்தின் பெயர் அறிவிக்கப்பட்டபோது எம்மை நோக்கிச் சிறிது முறுவலித்தான். இனி அப்பெயர் அவனுக்கு வெறும் ஒலியன்று. நம் இளைஞர் ஒவ்வொருவர்க்கும் அவ்வாறே ஆகுக.